வண்டியே வீடாகும்போது: ஓய்வுக்காலத்துக்கு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிரெய்லர் விற்கும் வளாகத்துக்குள் போனதும் எல்லோர் கண்ணும் சாய்வு நாற்காலிக்கும் செயற்கைக் கணப்புக்கும்தான் ஓடும். வருஷத்துக்கு மூன்று வாரம் போய்வருகிறவருக்கு அது போதும். அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இருந்த வீட்டையும் விற்றுவிட்டு, இனி இதுதான் வீடு என்று வருகிறவர் உள்ளே ஏறுவதற்கு முன் இரண்டு சீட்டுகளைப் படிக்க வேண்டும். ஒன்று, இடப்பக்க வெளிச்சுவரின் முன்பாதியில் இருக்கும் எடைச் சீட்டு. இன்னொன்று, நுழைவாசல் கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டு. இவற்றில் உள்ள எண்கள் ஒத்துவராவிட்டால் உள்ளே போகவே வேண்டாம். போனால் மனசு மாறிவிடும்.

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் என்பது பிக்கப் டிரக் இழுத்துச் செல்லும் வீடு. அதன் முன்பகுதி டிரக் பெட்டின், அதாவது டிரக்கின் திறந்த பின்தட்டின், மேல் ஏறி நிற்கும். அதன் அடியில் தொங்கும் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை, டிரக்கின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே பொருத்திய ஹிட்ச்சில் போய்ப் பூட்டிக்கொள்ளும். குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காகக் கிடைமட்டமாக வைத்த சக்கரத்தின் பெயர்தான் இதற்கும் ஒட்டிக்கொண்டது. பாரம் பின் ஆக்சிலின் மேலேயே இறங்குவதால், பம்பரில் மாட்டி இழுக்கும் டிரெய்லரைவிட ஆட்டம் குறைவு. நிரந்தரக் குடித்தனத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. மோட்டார்ஹோமில் எஞ்சின் பழுதானால் வீடே ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். இங்கே டிரக் மட்டும் போகும், வீடு நின்ற இடத்தில் நிற்கும்.

எடைக் கணக்கு

முதல் சீட்டில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றிய பிறகும் டிரெய்லர் தாண்டக் கூடாத மொத்த எடை அது. மஞ்சள் சீட்டில் இருப்பது அந்த டிரெய்லரில் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கின் எடை, அதாவது சி.சி.சி. விளம்பரத் தாளில் போட்டிருக்கும் வெற்று எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதில் கூடுதல் வசதிகளின் எடை பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மஞ்சள் சீட்டு உங்கள் கண் முன் நிற்கும் அதே வண்டிக்கு உரியது.

ஓர் உதாரணம். ஜி.வி.டபிள்யூ.ஆர். 16,000 பவுண்டு, சி.சி.சி. 2,800 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 70 கேலன் நல்ல தண்ணீர், கேலனுக்கு 8.34 பவுண்டு வீதம், 584 பவுண்டு. மீதி 2,216. டீலரிடம் சொல்லிப் பூட்டும் வாஷர்-டிரையர் சுமார் 150, இரண்டாவது அல்லது மூன்றாவது ஏசி சுமார் 100, லித்தியம் பேட்டரி நான்கும் வயரிங்கும் சேர்ந்து 150. மீதி 1,800 சொச்சம். இதற்குள் இரண்டு பேருடைய துணிமணி, பாத்திரம், கருவிப்பெட்டி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மடக்கு நாற்காலி, மாத்திரை, புத்தகம், பூஜைச் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். வீட்டைக் காலி செய்து வருகிற தம்பதி 1,500 முதல் 2,000 பவுண்டு வரை சுலபமாக ஏற்றிவிடுவார்கள். 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரே 25 பவுண்டு அளவுக்கு வரும். அதோடு ஒரு 20 பவுண்டு அரிசி மூட்டை. ஆக 2,800 என்பது இழுத்துப்பிடித்தால் போதும் என்ற கணக்கு. இருவர் நிரந்தரமாக வாழ 3,000க்கு மேல் தேடுங்கள். 2,000க்குக் கீழே இருந்தால், உள்ளே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது விடுமுறை வண்டிதான்.

டிரெய்லரை முதலில் முடிவு செய்துவிட்டு டிரக்கை அதற்கு ஏற்றாற்போல் வாங்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் இருக்கும் முக்கால் டன் டிரக்குக்கு (முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக் வகைகளின் பெயர்கள், சுமக்கும் எடை அல்ல) இந்த டிரெய்லர் போதுமா என்று விற்பவரிடம் கேட்டால், 'தாராளமா இழுக்கும்' என்றுதான் பதில் வரும். இழுக்கத்தான் செய்யும். சிக்கல் இழுப்பதில் இல்லை, முதுகில் சுமப்பதில் இருக்கிறது. ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றில் நாலில் ஒரு பங்கு வரை, கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும். இதுதான் கிங்பின் எடை. மேலே சொன்ன டிரெய்லர் 15,500 பவுண்டில் ஓடுகிறது என்றால், 21 சதவீதம் வீதம் கிங்பின் எடை 3,255. ஹிட்ச் 200. இரண்டு பேர் 330. டிரக்கில் கிடக்கும் கருவி, கட்டை, நாய்க்குட்டி 200. கூட்டினால் 3,985 பவுண்டு. டிரக் சுமக்கக்கூடிய எடை, அதாவது பேலோட், இதற்கு மேல் இருக்க வேண்டும்.

பேலோட் எண் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் மஞ்சள் வெள்ளைச் சீட்டில் இருக்கும். 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஜி.வி.டபிள்யூ.ஆர். உள்ள டிரக்குக்கு அந்தச் சீட்டு கட்டாயமில்லை. அப்போது டேங்க் நிறைய டீசலோடு எடை மேடையில் ஏற்றி, வந்த எடையை டிரக்கின் ஜி.வி.டபிள்யூ.ஆரில் கழித்துக்கொள்ளுங்கள். முக்கால் டன் டிரக் இந்தக் கணக்கில் தோற்றுப்போகும். ஒரு டன் ஒற்றைச் சக்கர டிரக் விளிம்பில் நிற்கும். பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூவலி தாராளமாகத் தாங்கும், பக்கக் காற்றிலும் கால் ஊன்றி நிற்கும். டூவலியைக் கடைத்தெருவில் நிறுத்துவது தொல்லைதான். வாரம் ஒருமுறை காய்கறி வாங்கப் போவதற்கும் அதே வண்டிதான் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிரக் பெட் எட்டடி என்றால் நல்லது. ஆறரை அடி என்றால் திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு டிரக்கின் பின் கண்ணாடியில் இடிக்க வாய்ப்பு உண்டு. அதற்கு, திருப்பத்தில் பின்னால் நகர்ந்துகொள்ளும் ஸ்லைடர் ஹிட்ச் வேண்டும். இன்னொரு அளவும் முக்கியம். பூட்டிய நிலையில் டிரக் பெட்டின் விளிம்புக்கும் டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் நடுவே ஐந்தரை முதல் ஆறு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும், டிரெய்லரும் மட்டமாக நிற்க வேண்டும். இன்றைய நான்கு சக்கர இழுவை டிரக்குகள் உயரமானவை. அவற்றுக்காக ஹிட்ச்சை உயர்த்தினால் டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், பாரம் பின் ஆக்சிலுக்கு ஓடும், அந்த டயர்தான் முதலில் வெடிக்கும்.

கணக்கு சரியா என்று பார்க்க, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடை மேடை போதும். டிரெய்லரோடு ஏறினால் டிரக்கின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் என்று மூன்று எண் தருவார்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, அதே ஆட்கள், அதே எரிபொருளோடு டிரக்கை மட்டும் எடை போடுங்கள். முதல் தடவையின் டிரக் ஆக்சில் இரண்டையும் கூட்டி, டிரக்கின் தனி எடையைக் கழித்தால் கிங்பின் எடை. அதோடு டிரெய்லர் ஆக்சில் எடையைக் கூட்டினால் டிரெய்லரின் முழு எடை. பழைய டிரெய்லர் வாங்குபவர் பேரம் முடிவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

ஓட்டுநர் உரிமத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கு வணிகமல்லாத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். டெக்சாஸில் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால், டிரெய்லர் 10,000க்கு மேல் இருக்கும்பட்சத்தில், அதேபோல் கிளாஸ் ஏ. வாங்கிய பிறகு எழுபது வயதில் பரீட்சைக்குப் படிப்பது வீண் சிரமம்.

அடிவயிற்றில் என்ன இருக்கிறது

பழைய துணி ஒன்றை விரித்து டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் கைப்பேசியை நீட்டிப் படம் எடுங்கள்.

டயரில் எஸ்.டி. என்று தொடங்கும் அளவு எழுதியிருக்கும். 235/80ஆர்16 அளவில் லோட் ரேஞ்ச் இ டயர் 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் சுமார் 3,500 பவுண்டு தாங்கும். நான்கு டயருக்கு 14,000. டிரெய்லர் ஆக்சில்களின் மேல் 12,500 இறங்குகிறது என்றால் காகிதத்தில் இடம் இருக்கிறது. ஆனால் சமையலறை ஸ்லைடு, அதாவது நிறுத்திய பிறகு வெளியே நீட்டிக்கொள்ளும் அறைப்பகுதி, இருக்கும் பக்கம் எப்போதுமே கனம். அந்தப் பக்கத்து டயருக்கு அந்த இடம் இல்லாமல் போகும். ஆகவே லோட் ரேஞ்ச் ஜி டயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது 110 பி.எஸ்.ஐ. கேட்கும். டயர் மாட்டிய ரிம் வளையத்தின் பின்பக்கத்தில் அது எத்தனை அழுத்தம் தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். 80க்கான வளையத்தில் 110 ஏற்றக் கூடாது. டயரின் வயது தெரிய, டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23வது வாரம். பூ தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஐந்து, ஆறு வருஷத்தில் மாற்றிவிட வேண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் டயர் உள்ளிருந்து இற்றுப்போகும். வெடித்தால் போவது டயர் மட்டுமில்லை. சுற்றிவரும் ரப்பர்ப் பட்டை சாட்டையாக அடித்து, மேலே இருக்கும் தகட்டையும் வயரையும் தண்ணீர்க் குழாயையும் கிழித்துவிடும். டயர் அழுத்தத்தை ஓட்டுநருக்குக் காட்டும் கருவியைப் பட்ஜெட்டில் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் தகடுகளைக் கோக்கும் போல்ட்டுகளில் பல டிரெய்லர்களுக்குத் தொழிற்சாலையில் நைலான் புஷ்தான் போடுகிறார்கள். சில ஆயிரம் மைலிலேயே நைலான் தேய்ந்து, போல்ட் இரும்போடு இரும்பாக உரசி, துளை முட்டை வடிவாகிவிடும். வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் அடிக்கும் முனையும் உள்ள வெட் போல்ட் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மாற்றுச் செலவைக் கேட்டு விலையில் குறையுங்கள். 16,000 பவுண்டு வண்டிக்கு மின்காந்த டிரம் பிரேக்கைவிட ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் எவ்வளவோ மேல். மலைச்சாலையில் இறங்கும்போது வித்தியாசம் காலுக்கே தெரியும்.

அடுத்தது சட்டம், அதாவது ஃப்ரேம். ஃபிஃப்த் வீலின் பலவீனமான இடம், முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் படுக்கையறையின் அடிப்பாகம். கிங்பின்னின் உதைப்பு முழுவதும் அங்கேதான் வாங்கப்படுகிறது. முன் மூடியும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல், பிதுங்கிய சீலன்ட், படுக்கையறை அலமாரிக்குள் சுவருக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹிட்ச்சில் பூட்டியபடியே ஒருவர் முன் கால்களைக் கொஞ்சம் இறக்கியும் ஏற்றியும் காட்ட, இன்னொருவர் அந்த மூலையைக் கவனிக்கட்டும். இடைவெளி வாய் திறந்து மூடினால் வண்டியை விட்டுவிடுங்கள். இதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. சுவரைப் பிரித்து வெல்டிங் செய்ய வேண்டிய வேலை.

தண்ணீர்க் கசிவுதான் இந்த வண்டிகளைச் சாகடிக்கும் நோய். ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும்போது கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்துப் பாருங்கள். நனைந்த அட்டை வாடை வந்தால் எங்கோ ஊறுகிறது. ஸ்லைடு மூலைகளிலும் குளியலறை வாசலிலும் தரையைக் குதிகாலால் அழுத்துங்கள், அமுங்கக் கூடாது. வெளிச்சுவரைச் சாய்வாகப் பார்த்தால் கொப்புளம் தெரிகிறதா? லேமினேட் சுவரின் பசை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கூரையில் ஏறி, ஏசி, புகைப்போக்கி, ஓரச் சேர்மானங்களைச் சுற்றியிருக்கும் சீலன்ட்டைப் பாருங்கள். வாங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைப் பார்ப்பது உங்கள் வேலை. ஏணி ஏற முடியாத வயது வரும், அப்போது யார் ஏறுவது என்பதும் யோசிக்க வேண்டியதுதான்.

உள்ளே: முழங்காலும் அடுப்பும்

இப்போது உள்ளே போகலாம். போனதும் விற்பவரிடம் ஸ்லைடுகளை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். வழியில் மழையில் ஒதுங்கி நிற்கும்போது உங்கள் வீடு இந்த அளவுதான். கழிப்பறைக்குப் போக முடிகிறதா, குளிர்பெட்டியைத் திறக்க முடிகிறதா, படுக்கையில் ஒருவராவது சாயலாமா? கழிப்பறைக்கு வழியில்லாத அமைப்பை அதோடு ஒதுக்கிவிடலாம்.

பிறகு நடந்து பாருங்கள். ஃபிஃப்த் வீலில் படுக்கையறை மேலே இருப்பதால் இரண்டு, மூன்று படி ஏற வேண்டும். குளியலறையும் அதே மேல்தளத்தில் இருப்பது நல்லது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படி இறங்குவது அறுபதில் முடியும், எழுபத்தைந்தில் ஆபத்து. படியோரம் கைப்பிடி வேண்டும். வாசல் படிகள் தொங்கும் வகையா, தரையில் கால் ஊன்றி நிற்கும் வகையா என்று பாருங்கள். இரண்டாவதுதான் ஆடாது. கழிப்பறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். நடைச்சட்டம் (வாக்கர்) ஒன்று 22 முதல் 25 அங்குலம் அகலம் இருக்கும், பல டிரெய்லர்களில் கதவே அந்த அளவுதான். முட்டு அறுவைச் சிகிச்சை முடித்து வந்து வாசலில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. குளிக்கும் இடத்தில் பிடிகம்பி பொருத்தச் சுவருக்குள் மரச்சட்டம் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். வெறும் பேனலில் திருகினால் விழும்போது கையோடு வந்துவிடும்.

கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருக்கட்டும். சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் உள்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், விரிப்பு மாற்றுவதும் ஒரு தண்டால். ஆர்.வி. (இப்படிப்பட்ட வீட்டு வண்டிகளுக்குப் பொதுப்பெயர்) குயின் மெத்தை பெரும்பாலும் 60க்கு 75 அங்குலம் அளவில்தான் வரும். வீட்டு குயின் 80 அங்குல நீளம். உயரமானவர் காலை நீட்டிப் படுத்துப் பார்த்துவிடுங்கள்.

சமையலறையில் விற்பவர் கல் மேடையைத் தட்டிக் காட்டுவார். நீங்கள் புகைவாங்கியைப் பாருங்கள். பல டிரெய்லர்களில் அது புகையை வெளியே தள்ளுவதில்லை. ஒரு கரி வடிகட்டி வழியாகச் சுற்றி, மறுபடி உங்கள் முகத்திலேயே ஊதும். விசிறியைப் போட்டுவிட்டு வெளிச்சுவரில் சிறு மூடி திறந்து காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். மிளகாய் தாளித்தால் முப்பத்தைந்து அடி வீட்டில் ஒளிய இடமில்லை. எண்ணெய்ப் புகை திரையிலும் சோபாவிலும் ஏறிவிட்டால் விற்கும்போது விலையும் இறங்கும். வெளியே தள்ளும் புகைவாங்கியும், அடுப்புக்குப் பக்கத்துக் கூரையில் இரண்டு திசையிலும் ஓடும் விசிறியும் இல்லாத டிரெய்லரை நம்மவர்கள் வாங்குவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். தீவிரத் தாளிப்புக்கு வெளியே மேசை போட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது 1,800 வாட் வரை இழுக்கும், 20 ஆம்ப் வெளிப்புற பிளக் தேவை.

மின்சாரம், குளிர், கழிவு

50 ஆம்ப் இணைப்பு உள்ளதையே வாங்குங்கள். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் 3,600 வாட்தான், ஒரு ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்தாலே மூச்சு முட்டும். 50 ஆம்ப் என்பது 120 வோல்ட் கம்பி இரண்டு, ஆக 12,000 வாட். மூன்று மடங்குக்கு மேல். இந்த வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் பழைய பூங்காக்களில் கோடை மதியம் எல்லோரும் ஏசி போட்டால் வோல்டேஜ் விழும், கம்ப்ரஸர் கருகும். குறைந்த வோல்டேஜில் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அவசியம், வெறும் மின்னல் தடுப்பான் அந்த வேலையைச் செய்யாது.

'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்ற ஸ்டிக்கருக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அடிப்பாகம் மூடியிருக்கிறதா, ஃபர்னஸின் சூடான காற்று டேங்குகள் இருக்கும் அந்த அடி அறைக்கும் குழாய் வழியாகப் போகிறதா, ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா என்று கேளுங்கள். 40,000 பி.டி.யு. ஃபர்னஸ் எரியும்போது மணிக்குச் சுமார் 0.44 கேலன் புரொப்பேன் தின்னும். 30 பவுண்டு சிலிண்டர் இரண்டில் 14 கேலன் இருக்கும். கடும் குளிரில் பாதி நேரம் எரிந்தால் மூன்று நாளுக்குள் காலி. தவிர, மூடிய அறையில் அடுப்பில் எரியும் ஒவ்வொரு கேலன் புரொப்பேனும் ஏறத்தாழ முக்கால் கேலன் தண்ணீரை ஆவியாக விடும். அது ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் வியர்த்துப் பூஞ்சையாகும். சமைக்கும்போது விசிறி, குளிர்காலம் முழுக்க ஈரம் உறிஞ்சும் கருவி. குளிரை விட்டு அரிசோனாவுக்கோ டெக்சாஸின் தெற்குக்கோ நகர்ந்துவிடுவது இதைவிட மலிவு. பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கழிவு டேங்க் இரண்டு: கழிப்பறைக்குக் கறுப்பு, மற்றதற்குச் சாம்பல். பூங்காவில் குழாய் இணைத்திருந்தாலும் கறுப்பு வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. திரவம் ஓடிவிடும், திடம் உள்ளே கோபுரமாகக் காய்ந்து நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு கறுப்பைத் திறந்து, பின்னால் சாம்பலைத் திறந்து குழாயைக் கழுவிவிடுவதுதான் முறை. டேங்கை உள்ளிருந்து பீய்ச்சிக் கழுவும் இணைப்பு இருந்தால் நிம்மதி.

நீளம்

42 அடி டிரெய்லர் நிறுத்தியிருக்கும்போது மாளிகை. தேசியப் பூங்காக்கள், மாநிலப் பூங்காக்களின் பழைய முகாம் இடங்கள் பல அந்த நீளத்துக்கு அமைந்தவை அல்ல. குளிர்காலம் முழுவதும் ஒரே தனியார் பூங்காவில் என்றால் 40க்கு மேல் போகலாம். அலைந்து பார்க்க ஆசை இருந்தால் 35க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். உயரம் 13 அடியிலிருந்து பதின்மூன்றரை வரை வரும். ஏசியின் உச்சி வரை நீங்களே அளந்து, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள்.

காகித வேலை

உத்தரவாதப் பத்திரத்தில் நிரந்தரக் குடியிருப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் தேடிப் படியுங்கள். முழுநேரம் வசித்தால் உத்தரவாதம் செல்லாது என்று சில தயாரிப்பாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். விற்பவரின் வாய்வார்த்தை அங்கே நிற்காது. காப்பீடும் அப்படியே: சாதாரண ஆர்.வி. காப்பீடு பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கானது. ஃபுல் டைமர் காப்பீடு என்று தனியாகக் கேட்டால்தான், வீட்டுக் காப்பீட்டில் இருப்பது போன்ற பொறுப்புக் காப்பும் சேரும். கதவோரம் இருக்கும், ஆர்.வி. தொழில் சங்கமான ஆர்.வி.ஐ.ஏ.வின் முத்திரை, மின்சாரம், கேஸ், குழாய், தீ ஆகிய பாதுகாப்பு விதிகளைக் குறிப்பது. தச்சுவேலை நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. ஆனால் சில பூங்காக்கள் அதைக் கேட்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்காத பூங்காக்களும் உண்டு, பழையது வாங்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

வீட்டை விற்றால் சட்டப்படி ஒரு முகவரி வேண்டும். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றும்தான் முழுநேரப் பயணிகளின் வழக்கமான தேர்வு. ஆர்.வி. பயணிகளின் எஸ்கேப்பீஸ் சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டனிலிருந்து தபால் அனுப்பும் சேவையே நடத்துகிறது. 65 வயதானவர்கள் மெடிகேரில், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் மெடிகேர், அதை ஏற்கும் மருத்துவர் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் செல்லும். அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு வட்டாரத்து மருத்துவர் வலைக்குள் கட்டிப்போடும். ஊர் ஊராகப் போகிறவருக்கு அது ஒத்துவராது.

வாங்கும் நாள்

புதிய டிரெய்லரின் விலை முதல் இரண்டு மூன்று வருஷத்தில் செங்குத்தாக இறங்கும். பதினைந்து, இருபது வருஷக் கடனில் வாங்கினால் நெடுநாள் வரைக்கும் வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி கூடுதலாக இருக்கும். மூன்று முதல் ஐந்து வயதான, ஒருவர் வாழ்ந்து குறைகளைச் சரிசெய்த டிரெய்லர் பெரும்பாலும் நல்ல பேரம். பழையதோ புதியதோ, ஆர்.வி. ஆய்வாளர் சங்கமான என்.ஆர்.வி.ஐ.ஏ.வின் சான்று பெற்ற தனி ஆய்வாளர் ஒருவரை உங்கள் செலவில் அமர்த்துங்கள். டீலர் சொல்லும் ஆய்வாளர் வேண்டாம்.

ஒப்படைக்கும் நாளில் அரை நாளாவது ஒதுக்குங்கள், முழுநாள் இன்னும் நல்லது. முழுப் பணத்தையும் அதற்கு முன் கொடுக்காதீர்கள். குளிர்பெட்டியை முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லுங்கள், போனதும் உள்ளே வெப்பமானி வையுங்கள். தண்ணீர் டேங்கை நிரப்பி பம்பை ஓட்டி, எல்லாக் குழாயையும் மூடுங்கள். பம்ப் விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிகிறது. ஏசி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஃபர்னஸ், வெந்நீர்க் கருவி, ஒவ்வொரு பர்னர். ஸ்லைடுகளை மூன்று தடவை உள்ளே வெளியே இழுத்து, சத்தத்தையும் ரப்பர்ப் பட்டையின் மடிப்பையும் கவனியுங்கள். டிரெய்லரைத் தானே மட்டமாக்கும் ஆட்டோ லெவலிங்கை முழுச் சுற்று ஓட்டுங்கள்.

பூட்டும்போது கிங்பின் தட்டு, பின்னால் வரும் ஹிட்ச்சின் தலை அதைக் கொஞ்சம் தூக்கும் அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். உயரமாக இருந்தால் முளையின் நுனியை மட்டும் தாடை கவ்வும், பூட்டியது போலவே தெரியும், முதல் மேட்டில் டிரெய்லர் கழன்று டிரக் பெட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிடும். ஆகவே டார்ச் அடித்துத் தாடை மூடியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு முன்கால்கள் இன்னும் தரையில் இருக்கும்போதே டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். நகராமல் நின்றால்தான் கால்களைத் தூக்க வேண்டும்.

முதல் மாதம் டீலரிடமிருந்து ஐம்பது மைலுக்குள்ளேயே ஒரு பூங்காவில் தங்குங்கள். நோட்டு ஒன்று போட்டு, கதவு சிக்குவதிலிருந்து பிளக் வேலை செய்யாததுவரை தேதியோடு எழுதி, படமும் எடுத்துவைத்து, ஒரே தடவையாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். குறை ஒன்றுக்கு ஒருமுறை விட்டால், உங்கள் வீடு மாதக்கணக்கில் அவர்கள் முற்றத்தில் நிற்கும். நீங்கள் ஹோட்டலில் இருப்பீர்கள்.